எட்டில் ஏழு குச்சிகள் பொருந்தின

1989ஆம் வருடம் ஜூன் மாதம் 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது. ஒன்பதேகாலிலிருந்து தூறல் மூன்று முறை வந்து மூன்று முறை நின்றிருந்தது. ஃபேக்டரி டூல்ரூம் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் 22 காட்டியது. ஓசூரில் ஜூன் மாதம் இப்படித்தான். மழை என்றும் சொல்ல முடியாது, ஸ்வெட்டர் இல்லாமலும் இருக்க முடியாது.

அந்த நிமிடத்தில்தான் டூல்ரூம் ஃபிட்டர் தான் செய்த இரண்டு கம்பி மாடல்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கழிவுப்பஞ்சில் துடைத்துக்கொண்டே, "சார், இது ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது" என்றார்.

எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு மாடல்களும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் என்பதுதான் அந்த ஆய்வேடு.

நான் கணிதத்தில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, வண்டிகளுக்கு பிராக்கெட் அடிக்கும் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். முதலில் புரொடக்‌ஷன் கணக்கு, பிறகு கம்ப்யூட்டர் வந்ததும் அந்த அறை. கணக்கு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு தொல்லை. படி ஏறினால் எண்ணுவேன். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து ஃபேக்டரி கேட் வரைக்கும் 1,146 தப்படி. மழை நாளில் 1,170 ஆகும், பள்ளங்களைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால்.

1979இல் மேனேஜர் ஒரு வேலை கொடுத்தார். பிரஸ் ஷாப்பில் பன்னிரண்டு ஆப்பரேட்டர்கள், பன்னிரண்டு மெஷின்கள். ஒருவர் ஒரு மெஷினில் நின்றால் ரிஜெக்ட் குறைவு, இன்னொன்றில் நின்றால் அதிகம். யாரை எதில் நிறுத்தினால் மொத்த ரிஜெக்ட் மிகக் குறைவாக இருக்கும்? ஒவ்வொரு விதமாகப் போட்டுப் பார்ப்பதென்றால் நாற்பத்தேழு கோடியே தொண்ணூறு லட்சத்து ஆயிரத்து அறுநூறு விதம் இருக்கிறது. அத்தனையும் பார்க்கத் தேவையில்லை, அதற்கு ஒரு வழி உண்டு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிசையிலும் மிகச் சின்ன எண்ணைக் கழித்து, பிறகு ஒவ்வொரு நெடுவரிசையிலும் கழித்து, பூஜ்யங்களைக் கோடுகளால் மூடிக்கொண்டே போனால் விடை வந்துவிடும். பென்சிலும் ரப்பரும் போதும். நான் ஒரு மத்தியானத்தில் போட்டுக் கொடுத்தேன். ரிஜெக்ட் குறைந்தது. மேனேஜர் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். அந்தக் கைகுலுக்கல்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த மூன்று வருடத்தில் எதைப் பார்த்தாலும் இதை அதோடு பொருத்த முடியுமா என்றே ஓடியது புத்தி. பஸ்ஸுக்கு ஆள், ஷிஃப்டுக்கு ஆள், கல்யாணத்துக்குப் பையன். அப்போது ஒரு பத்திரிகையில் புரதங்களைப் பற்றிப் படித்தேன். புரதம் என்பது நீளமான ஒரு சங்கிலி. அது தானாகவே மடிந்து சுருண்டு ஒரு உருவம் எடுத்துக்கொள்கிறது. அந்த உருவத்துக்குள் சில இடங்களில் சங்கிலி ஸ்பிரிங் போலச் சுருண்டு நேரான குச்சி மாதிரி நிற்கும். ஒரு புரதத்தில் ஐந்து குச்சி, இன்னொன்றில் எட்டு. இரண்டு புரதங்கள் ஒரே மாதிரி மடிந்திருக்கின்றனவா என்று அறிய, இதன் எந்தக் குச்சி அதன் எந்தக் குச்சிக்குச் சமம் என்று கண்டுபிடிக்க வேண்டும். படித்த உடனே பென்சிலைத் தேடினேன். இது என்னுடைய பன்னிரண்டு ஆப்பரேட்டர் பன்னிரண்டு மெஷின் கணக்கு.

பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ஏழாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. 1983 ஜூலையில் பகுதி நேர மாணவனாகப் பதிவு செய்துகொண்டார்கள். ஆறு வருடம் அவகாசம், 1989 ஜூன் 30 கடைசி நாள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் அந்த நிறுவனத்திலேயே ஒரு வேலை காலியாக வைத்திருப்பதாக என் வழிகாட்டி சொன்னார். வயது வரம்பை எனக்காக ஒரு தடவை தளர்த்திவிட்டார்கள், இன்னொரு தடவை தளர்த்த மாட்டார்கள். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, பழைய கம்ப்யூட்டர் அறை, சம்பளப் பட்டியல், ஓய்வு பெறும் வரைக்கும் பிராக்கெட்.

வழிகாட்டி என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் அவரை "சார்" என்பேன், வயதுக்கு மரியாதையாக அவரும் என்னை "சார்" என்பார். ஒரு சந்திப்பில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோரு சார்.

ஃபேக்டரி கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமைகளில் பயன்படுத்த மேனேஜர் அனுமதி கொடுத்தார். 1985 ஜனவரி 6இல் தொடங்கி நான் சொல்லும் அந்த ஜூன் 18 வரை மொத்தம் 233 ஞாயிறுகள். காய்ச்சல், கல்யாணம், சாவு, கேட்டில் சாவி கிடைக்காதது என்று 36 போகவில்லை. மீதி 197 ஞாயிறும் போனேன்.

புரதங்களின் அளவுகளை பெங்களூரிலிருந்து ஃப்ளாப்பியில் எடுத்து வருவேன். மாநில எல்லையில் செக்போஸ்ட். ஒரு தடவை பஸ்ஸில் சோதனைக்கு ஏறிய அதிகாரி என் பையைத் திறந்துவிட்டார்.

"ஏனு இது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஃப்ளாப்பி சார்."

"எஷ்டு?"

"பத்து."

"பில் எல்லி, பில்லு எங்க? உள்ள என்ன சரக்கு?"

"சரக்கு இல்லீங்க. உள்ள புரோட்டீன் இருக்கு."

அவர் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தார். காதில் வைத்தார். "புரோட்டீன் அந்தாரே... புரோட்டீனாமே, பவுடரா?" என்று கண்டக்டரைக் கேட்க, கண்டக்டர், "மாசாமாசம் வர்ற மனுசன், விடுங்க சார். வீட்ல ரொம்ப வீக்கு போல" என்றார். பஸ்ஸில் சிரித்தவர்கள் ஒன்பது பேர்.

அறுபத்தொரு புரதங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 1,830 ஜோடிகள்.

இப்போது நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். எட்டுக் குச்சி உள்ள ஒரு புரதத்தில் இரண்டிரண்டாக எடுத்தால் 28 ஜோடிக் குச்சிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் இடையில் எவ்வளவு தூரம், எவ்வளவு கோணம் என்று அளந்துவிடலாம். அதோடு, மூன்று மூன்றாக எடுத்தால் 56 வரும். ஒவ்வொரு மூன்றும் போகும் வரிசையில் வலப்பக்கம் திரும்புகிறதா, இடப்பக்கம் திரும்புகிறதா என்று ஒரு பிளஸ் அல்லது மைனஸ். முதலில் எழுதிய புரோகிராமில் இந்த இரண்டையும் வைத்திருந்தேன். இரண்டு புரதங்களை ஒப்பிடும்போது தூரத்துக்கு 28க்கு 28, 784 கட்டங்கள். திருப்பத்துக்கு 56க்கு 56, 3,136 கட்டங்கள். அந்த மெஷினில் ஒரு ஜோடி புரதம் முடிய ஐந்து மணி இருபது நிமிடம் பிடித்தது.

ஐந்து மணி இருபது நிமிடம் தொடர்ந்து கரண்ட் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் ஏது? வேலை நாளில் ஜெனரேட்டர் போடுவார்கள். ஞாயிறன்று எனக்காக டீசல் ஊற்ற யாரும் தயாரில்லை. நாலரை மணி நேரம் ஓடியிருக்கும், பொட்டென்று போய்விடும். வந்ததும் முதலிலிருந்து. முதல் 71 ஞாயிறுகளில் முழுதாக முடிந்தது 19 ஜோடி.

1986 ஆகஸ்ட் கடைசியில், கரண்ட் போன ஒரு மத்தியானம், இருட்டு அறையில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த 3,136 கட்டங்கள் எதற்கு? எல்லாத் தூரங்களும் எல்லாக் கோணங்களும் ஒத்துப்போனால் உருவமும் ஒத்துப்போகத்தானே வேண்டும்? திருப்பத்தைத் தூக்கி எறிந்தேன். கரண்ட் வந்ததும் ஓட்டிப் பார்த்தால் ஒரு ஜோடிக்கு 22 நிமிடம்தான் ஆனது. எழுந்து ஜன்னலைத் திறந்து இரண்டு தடவை கைதட்டினேன். அங்கே யாரும் இல்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் இந்தச் சிக்கனத்தைப் பற்றிப் பெருமையாக ஒரு பத்தி எழுதினேன். பதினோரு வரி.

1989 ஏப்ரலில் 1,830 ஜோடிகளும் முடிந்தன. நல்ல பொருத்தம் என்று 14 வந்தது. அதில் மூன்று ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்தவை. பதினொன்று புதிது. அந்தப் பதினொன்றில் முதலாவது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு புரதங்கள், ஒன்று ரத்தத்தில் இருப்பது, ஒன்று ஒரு கிருமியில் இருப்பது, எட்டில் ஏழு குச்சிகள் பொருந்தின. வழிகாட்டி அந்தத் தாளை நாலு தடவை படித்தார். "மாடல் செஞ்சு எடுத்துட்டு வாங்க சார். வைவாவுல ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுக் காட்டுவோம். கேள்வியே வராது" என்றார்.

அதனால்தான் ஃபிட்டரிடம் போனேன். அவர் தொரப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, மனைவி வீட்டாரோடு கன்னடம், எங்களோடு தமிழ், டிராயிங்கோடு இங்கிலீஷ். படிப்பு எட்டாவது. குச்சிகளின் இரண்டு முனைகளும் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தேன். டிரில் போடும் டிராயிங் படிப்பதுபோல விரலை வைத்துப் படித்தார். வெல்டிங் ராடுகளை அறுத்து, மெல்லிய செம்புக் கம்பியால் இணைத்து, இரண்டு ஞாயிறு ஓவர்டைமின் இடையில் முடித்துவிட்டார். கூலி வேண்டாம் என்றார். கேன்டீன் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

"உக்காராதுன்னா என்ன அர்த்தம்?" என்றேன்.

"இது ஆர்.எச். சார். அது எல்.எச்."

"என்னது?"

"ரைட் ஹேண்டு, லெஃப்ட் ஹேண்டு. பாருங்க, இந்தக் கம்பியில ஆரம்பிச்சா இது இப்டி வலப்பக்கமா சுத்திட்டுப் போவுது. அதே கம்பி அதுல, இப்டி இடப்பக்கமா போவுது. எப்டித் திருப்பி வெச்சாலும் உக்காராது."

எனக்குக் கோபம் வந்தது. "அளவு எல்லாம் ஒண்ணு. நாலு வருஷம் பார்த்திருக்கேன். நீங்கதான் எங்கயோ மாத்தி வளைச்சிருக்கீங்க."

"அளவு எல்லாம் சேம்தான் சார். நான் எங்க இல்லேன்னேன்? கைதான் வேற." சுவரில் மாட்டியிருந்த பிராக்கெட் டிராயிங்கைக் காட்டினார். கீழே ஓரத்தில் வழக்கமாக இருக்கும் குறிப்பு: ஆர்.எச். வரைந்தபடி, எல்.எச். எதிர்க்கை. "ரெண்டுக்கும் ஒரே டிராயிங் சார். ஒரு அளவு மாறாது. போன வருசம் அறுநூறு பீஸு மொத்தமும் எல்.எச்.சா அடிச்சிட்டானுங்க. இன்ஸ்பெக்‌ஷன்ல காலிபர் வெச்சி அளந்தான், எல்லாம் பாஸு. வண்டியில மாட்டப் போனா ஒண்ணும் மாட்டல. மறந்துட்டீங்களா? நீங்கதான சார் அந்த ரிஜெக்ட் கணக்கு எழுதினீங்க?"

நான்தான் எழுதினேன். அறுநூற்றிரண்டு.

அப்படியும் நான் விடவில்லை. இரண்டு மாடலிலும் மொத்தம் பதினாறு குச்சி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஒவ்வொரு முனைக்கும் மூன்று அளவு. உயரம் அளக்கும் ஹைட் கேஜை எடுத்து 96 அளவுகளையும் அளந்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 96உம் சரி. ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பில்லை.

"ஸ்வல்ப இரி சார், கொஞ்சம் இருங்க" என்று எழுந்தார். மெஷினுக்கு அடியில் பார்ப்பதற்கு ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார்கள், நீளமான பிடி போட்டது. அதை எடுத்து வந்து கிருமியின் மாடலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இப்பப் பாருங்க. கண்ணாடிக்குள்ள இருக்கறத."

கண்ணாடிக்குள் இருந்தது ரத்தத்தின் மாடல். ஏழு குச்சிகளும் அதே இடத்தில், அதே சாய்வில்.

"பாத்தீங்களா, அதுல உக்காந்துச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கு ஒரு சிக்கல் தீர்ந்த சந்தோஷம். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஏன் சார்? இது பெரிய விசயமா? எங்களுக்கு இருந்தா மாத்தி அடிச்சிருவோம். இதை அடிக்க முடியாதா?"

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் லீவு போட்டேன். பதினான்கு பொருத்தங்களையும், நான் தூக்கி எறிந்த பிளஸ் மைனஸைக் கையால் போட்டுப் பார்த்தேன். முதலாவதில் ஏழு குச்சிகளை மூன்று மூன்றாக எடுத்தால் 35. அதில் 33 எதிர்க்குறி. மற்ற இரண்டும் கிட்டத்தட்டத் தட்டை, எந்தப் பக்கமும் இல்லை. கடைசிக் கணக்கில் பதினொன்றில் ஒன்பது கண்ணாடிப் பொருத்தம், இரண்டு குழப்பம். ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்த மூன்றும் மட்டும் சரியான கை. அதாவது எனக்கு மிச்சம் நின்றது மற்றவர்கள் கண்டுபிடித்தது.

திருப்பத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினால் உண்மையான பொருத்தம் எங்காவது ஒளிந்திருக்கலாம். அதற்கும் கணக்குப் போட்டேன். கரண்டே போகாது என்று வைத்துக்கொண்டாலும் ஞாயிற்றுக்கு ஒரு ஜோடி. 1,830 ஞாயிறு. முப்பத்தைந்து வருடம் ஒரு மாதம். எனக்கு எண்பத்தொரு வயதாகியிருக்கும்.

வியாழக்கிழமை வழிகாட்டியிடம் போனேன். இரண்டு மாடலையும் மேஜைமேல் வைத்துச் சொன்னேன். அவர் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"யார் கண்டுபிடிச்சது?"

"எங்க ஃபேக்டரி ஃபிட்டர்."

"அவருக்குப் பட்டத்தைக் குடுத்துடலாம் சார்" என்றார். சிரிக்கவில்லை. மாடல்களைத் தள்ளி வைத்துவிட்டு, "தப்பு எனக்கும்தான். மூணாம் அத்தியாயம் நான் படிச்சேன். நல்ல சிக்கனம்னு ஓரத்துல எழுதிக்கூட வெச்சிருக்கேன்" என்றார்.

"இப்ப என்ன பண்றது சார்?"

"ஒரு வரி சேருங்க. இந்த முறையில் கை கணக்கில் எடுக்கப்படவில்லைன்னு. அது பொய் இல்லையே. மாடலை விட்டுடுங்க, பட்டியலை மட்டும் வைங்க. பட்டியலைப் பார்த்து யாருக்கும் கை தெரியாது. ஆறு வருஷம் சார். உங்களுக்கு இன்னொரு ஆறு கிடையாது."

வீட்டில் சொன்னேன். என் மனைவி கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம். ஜூன் மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் அப்பா வரச் சொல்லி ஆள் அனுப்புவார். ஆறு ஜூன் மாதம் நாங்கள் போகவில்லை. கூடைதான் வரும். அந்த வருடம் 84 பழம், அதில் ஏழு அழுகல்.

"ஏங்க, ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை இந்த வீட்ல மூணு பேரு" என்றாள் பழம் நறுக்கிக்கொண்டே. "நீங்க, நான், உங்க புரோட்டீனு. அதுல ஒண்ணு இடக்கை பழக்கம்னு இப்ப வந்து சொல்றீங்க."

"விளையாட்டு இல்ல."

"நானும் விளையாடல. உங்க சாரே குடுங்கறாரு. ஒரு வரி சேத்துக் குடுத்துட்டு வாங்க. யாரு கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறா?"

"ஒரு ஃபிட்டர் பார்த்தாரே. மேஜைல வெச்ச அஞ்சு நிமிஷத்துல பார்த்தாரே. பரீட்சை பண்றவன் பார்க்க மாட்டானா?"

"அப்ப பயம்தான் உங்களுக்கு. தப்புங்கறதுக்காக இல்ல."

அவள் சொன்னது சரி. நேர்மை என்று எழுத எனக்கு ஆசைதான். இத்தனை வருடம் கழித்து யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் பயம்தான்.

அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஐந்து பிரதி, பிரதிக்கு 188 பக்கம், நீல அட்டை போட்டுக் கட்டினேன். ஜூன் 30, வெள்ளிக்கிழமை, ஐந்தையும் துணிப்பையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்று மணி நாற்பதுக்கு நிறுவனத்தின் அலுவலக ஜன்னல் முன்னால் நின்றேன். நாலு மணிக்கு மூடுவார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர். ஜன்னலில் இருந்த அம்மாள் எனக்கொரு படிவம் நீட்டி, "ஃபில் பண்ணிட்டே நில்லுங்க சார், டைம் இல்ல" என்றார்.

பக்கங்கள் என்று கேட்டிருந்தது, 188 எழுதினேன். அட்டவணைகள் 43. படங்கள் 26. மேற்கோள் நூல்கள் 112. எண்ணித்தான் எழுதினேன், மனப்பாடமாக இருந்தது. அடுத்த கட்டம் கொஞ்சம் பெரியது. இந்த ஆய்வில் கண்ட புதிய முடிவுகள், எண்ணிக்கையும் சுருக்கமும்.

பேனா அங்கேயே நின்றது. பதினொன்று என்று எழுதலாம். அந்த ஒரு வரி உள்ளே 97ஆம் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது, அது என்னைக் காப்பாற்றும். ஆனால் எண்ணிக்கை என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருந்த எண்ணிக்கை பூஜ்யம். வேறு எந்தக் கட்டத்திலும் நான் தப்பாக எழுதக்கூடியவன்தான். முகவரி, சாதி, வருமானம் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறேன். எண்ணிக்கைக் கட்டத்தில் என் கை ஓடவில்லை.

"சார், உங்க டர்ன்" என்றார் அம்மாள். மூன்று ஐம்பத்திரண்டு.

"ஒரு நிமிஷம் மேடம்."

பின்னால் வந்தவரை முன்னால் போகச் சொன்னேன். பிறகு இன்னொருவரை. எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு அந்த அம்மாள் தலையை நீட்டி, "சார், குடுக்கறீங்களா இல்லையா?" என்றார். "ஒரு கட்டம் பாக்கி இருக்கு மேடம்" என்றேன். இன்னும் இரண்டு நிமிடம் எனக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். நல்ல மனுஷி. பிறகு மூடினார்.

வழிகாட்டியின் அறைக்குப் போகவில்லை. பஸ் ஏறினேன். செக்போஸ்ட்டில் யாரும் என் பையைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஃபிட்டர் கம்ப்யூட்டர் அறைக்கே வந்தார். அந்த அறைக்குள் செருப்போடு வரக்கூடாது என்பதால் வாசலில் கழற்றிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சார், டாக்டர் ஆயிட்டீங்களா?"

"இல்ல. குடுக்கல."

"என்னாலதான சார்?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஓர் எழுத்துகூட இல்லாத ஒரு தலையாட்டல் போதும். நான் திரையைப் பார்த்துக்கொண்டு சம்பளப் பட்டியலில் ஒரு எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தேன். அது திருத்த வேண்டிய எண்ணே அல்ல. அவர் கொஞ்சம் நின்றுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அதன்பிறகு பதினொரு வருடம் ஒரே ஃபேக்டரியில் இருந்தோம். பார்த்தால் வணக்கம் சொல்வார். என் வேலையில் எதையும் பார்த்து இது சரியில்லை என்று அவர் மறுபடி சொன்னதில்லை. நானும் எதையும் அவரிடம் காட்டவில்லை.

1994இல் ஃபேக்டரிக்குப் புது கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலைக்குப் போனவன், பழைய புரோகிராமில் அந்த 3,136 கட்டங்களையும் திரும்பச் சேர்த்து, ரத்தத்தையும் கிருமியையும் ஓட்டினேன். ஐந்து மணி இருபது நிமிடம் பிடித்த வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது. எட்டில் மூன்று குச்சிகள் பொருந்தின. எந்த இரண்டு புரதத்தை எடுத்தாலும் எட்டில் மூன்று பொருந்தும். மீதி ஜோடிகளை ஓட்டவில்லை. அந்த அறுபத்தொன்றையும் யார் யாரோ எப்போதோ பிரித்து அடுக்கி முடித்திருந்தார்கள்.

எனக்கு இப்போது எண்பத்தொரு வயது. அன்று போட்ட கணக்குப்படி, ஞாயிற்றுக்கு ஒரு ஜோடியாக, கரண்ட் போகாமல் ஓட்டிக்கொண்டே வந்திருந்தால் இப்போது முடிந்திருக்கும். மாடல்கள் இரண்டும் பரண்மேல் இருக்கின்றன. போன மாதம் இறக்கிப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு குச்சி கழன்றுவிட்டது, எது எந்தக் கை என்று எனக்கு உடனே தெரியவில்லை. அவர் இருந்தால் சொல்லியிருப்பார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அந்தப் பட்டத்துக்காகச் செய்த செலவு: பதிவுக் கட்டணம் ஆறு வருடத்துக்கு, பெங்களூர் போய் வந்த 68 தடவை பஸ் சார்ஜ், 42 ஃப்ளாப்பி, டைப்பிங், ஜெராக்ஸ், ஐந்து நீல அட்டை, வெல்டிங் ராடும் போண்டாவும் சேர்த்து இருபத்தேழு ரூபாய் ஐம்பது காசு. மொத்தம் எட்டாயிரத்து நூற்று அறுபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.